முதுகுக்கு வைத்த மோர்

தச்சநல்லூரில் பேருந்துக்கு வெயிலில் காத்து நின்றதில் பிடரி வெந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மகள் மோரில் நனைத்த துணியை அதன்மேல் போட்டாள். அந்தப் புளித்த வாடை என்னைச் சீவலப்பேரி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அறுப்புக் காலத்தில் அப்பாவின் முதுகு வெயிலில் சிவந்து தோலுரிந்திருக்கும். அதில் தடவ அம்மா ஒரு செம்பு மோரைப் புளிக்க வைப்பாள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன், அப்பாவின் முதுகுக்கு என்று தெரிந்தே, உப்புப் போட்டு அதைக் குடித்துவிட்டேன்.

"ஏலே, மோரை எங்க?" என்றாள் அம்மா.

"பூனை குடிச்சிருக்கும்."

"உப்புப் போட்டுக் குடிக்கிற பூனை போல! விடுட்டி, எனக்கு எரியல," என்று செம்பின் அடியில் கிடந்த உப்பைப் பார்த்து அப்பா சிரித்தார். குப்புறப் படுத்தவர் சாப்பிடக்கூட எழவில்லை.

"எரியுதாப்பா?" என்கிறாள் மகள்.

"எரியுதும்மா."

அப்படிச் சொல்ல அன்று அப்பாவுக்கு நான் இடம் வைக்கவில்லை.