கிளை கிடையாது, வாசல் மூன்று

"1998 அக்டோபர் 11, ஞாயிறு. காலை பத்து மணி. கடையைக் காணவில்லை." என் நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான். கடை இருப்பது திருநெல்வேலி டவுணில், ரத வீதியை ஒட்டிய சந்தில். நான் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்தில், ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடியில். காணாமல் போனது, என் அண்ணன் செல்லத்துரையின் கருப்பட்டிக் கடைக்காக நான் இணையத்தில் போட்டிருந்த பக்கம். இலவசமாக இடம் கொடுத்த நிறுவனம், முன்கூட்டிச் சொல்லாமல் அதை நீக்கிவிட்டது. கேட்டதற்கு இரண்டே வரியில் பதில் வந்தது: இங்கே வியாபாரம் கூடாது, உங்கள் மேல் புகார் வந்திருக்கிறது.

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை சத்தமும் கூடாது, வியாபாரமும் கூடாது. சுவரில் ஓர் ஆணி அடிக்க முடியாது. காலிப் புட்டியைத் தெருத்தொட்டியில் போட்டால்கூட எட்டிப் பார்ப்பார்கள். தொலைபேசிக் கட்டணம் குறைவதோ அன்றைக்குத்தான் என்பதால், தொலைபேசி வழியே இணையத்தைப் பிடிக்கும் என் மோடம் கூவுவதும் அன்றைக்குத்தான். கீழ்வீட்டு அம்மையார் கதவைத் தட்டினார். உள்ளே யாரோ அழுகிறார்களா என்று கேட்டார். இல்லை, எங்கள் கடையைத் திறக்கப் பார்க்கிறேன் என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஞாயிற்றுக்கிழமையா? கெவெர்பெஷைன் இருக்கிறதா?" தொழில் நடத்த இங்கே வாங்கவேண்டிய அனுமதிச் சீட்டு அது. கடை ஏழு கடல் தாண்டி இருக்கிறது என்று விளக்கினேன். என் தோளுக்கு மேலாக அறைக்குள் ஒரு முறை கண்ணை ஓட்டிவிட்டு, நம்பாமலேயே இறங்கிப் போனார்.

அந்தப் பக்கம் வீண் ஆடம்பரத்துக்காகப் போட்டதல்ல. 1997 கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் கடைக்கு எதிரிலேயே இன்னொரு கருப்பட்டிக் கடை முளைத்திருந்தது. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். அண்ணன் திசையன்விளைக்கு பஸ் ஏறிப் போய், ஒவ்வொரு சிப்பமாக உடைத்து வாயில் போட்டுப் பார்த்துச் சரக்கு எடுப்பவர். எதிர்க்கடையில் சீனிப்பாகு கலந்ததைக் கருப்பட்டி என்று விற்றார்கள். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊருக்கு வரும் சொந்தக்காரரிடம் எங்கள் கடைப் பெயரைச் சொல்லி அனுப்புவார்கள். வந்தவர் எதிர்க்கடையில் வாங்கிப் போவார். பழி எங்களுக்கு வரும். இன்னும் இரண்டு வருஷம் இப்படியே போனால் கடையை அடைக்க வேண்டியதுதான் என்று அண்ணி என்னிடம் தனியாகச் சொன்னாள்.

கடை முகப்பைப் படம் பிடித்து இணையத்தில் போடலாம் என்றேன். அண்ணன் ஒரே நிபந்தனை வைத்தார்.

"போர்டு முழுசாத் தெரியணும்லே. அந்தக் கடைசி வரியும் சேத்து."

கடைசி வரி, டவுண் கடைக்காரர்கள் பலரும் மானமாக எழுதிவைக்கும் வரி: எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது. தமிழ் எழுத்து எல்லாக் கணினியிலும் ஒழுங்காகத் தெரியாது என்பதால், படமாகவே பக்கத்தின் தலைப்பில் வைத்தேன். பலன் தெரிந்தது. மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவர்கள் அந்தப் படத்தை அச்செடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, முகப்பை ஒப்பிட்டுப் பார்த்துப் படியேறினார்கள். "கலியாணப் பொண்ணு போட்டோ மாதிரில்லா கொண்டாராவ" என்று அண்ணன் போனில் சிரித்தார்.

அந்தப் படத்தைத்தான் ஒரு புகார் அழித்தது. எனக்கு வந்தது துக்கமல்ல, வீம்பு. ஒரே இடத்தில் வைத்ததால்தானே ஒரே அடியில் போனது? மூன்று இடத்தில் வைத்தேன். ஒன்று பணம் கட்டி வாங்கிய சொந்தப் பெயரில். இரண்டாவது வேறொரு நாட்டு இலவச இடத்தில், வியாபாரத்துக்குத் தடையில்லை என்று விதிகளை வரி வரியாகப் படித்த பிறகு. மூன்றாவது ஆஸ்திரேலியாவில், பாளையங்கோட்டையில் என்னோடு படித்த நண்பன் வைத்திருந்த கணினியில். எல்லாவற்றின் நகலும் என் மேசை இழுப்பறையில், ஃப்ளாப்பி எனும் நெகிழ்தட்டில். இனி யார் அழித்தாலும் அன்றைக்கே ஏற்றுவேன்.

நான் யோசிக்காதது ஒன்று. நவம்பரில் இங்கிலாந்திலிருந்து ஒரு டாக்டர் எழுதினார். அவர் பல வருஷ வாடிக்கையாளர். "உங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது என்று உங்கள் போர்டே சொல்கிறது. நான் மூன்று கடைகளைப் பார்க்கிறேன். இதில் எந்த இரண்டு போலி?" அவர் கேட்டதோடு நிற்கவில்லை, தமிழர்கள் கூடும் ஒரு மின்னஞ்சல் குழுவிலும் எச்சரித்துவிட்டார். எதிர்க்கடை செய்ய முடியாததை என் கையாலேயே செய்திருந்தேன்.

அண்ணன் டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டார்.

"ஏலே, மூணு எடத்துல கடையப் போட்டுட்டு கெளை கெடையாதுன்னா எவம்லே நம்புவான்? ரெண்ட எடுத்துரு."

"எடுக்க மாட்டேன் அண்ணே. ஒண்ணு மட்டும் இருந்தா திரும்பவும் அழிச்சிருவானுவ."

"அழிச்சா அழியட்டும். நம்ம பேரு நாறுதுல்லா இங்கன."

"நெல்லையப்பர் கோயிலுக்கு வாசல் ஒண்ணா இருக்கு? எந்த வாசல்ல போனாலும் சாமி ஒண்ணுதானே?"

"ரெண்டுலே. காந்திமதி அம்மனை விட்டுட்டியே, பாவி."

பூத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பைய கேட்டார்: "அப்பம் வாசல்னே எழுதிப் போட்டா என்ன?"

அப்படியே செய்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் போர்டுக்குக் கீழே எழுதினேன்: கடை ஒன்று, டவுணில். இது அதன் வாசல்களில் ஒன்று. மற்ற இரண்டு இவை. வேறு எங்கே எங்கள் பெயரைக் கண்டாலும் அது நாங்கள் அல்ல. மூன்றும் மற்ற இரண்டைச் சுட்டிக்காட்டின. டாக்டருக்கு அண்ணன் தன் கைப்படக் கடிதம் போட்டார். டாக்டர் அதே குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அந்த எழுத்து, நாங்கள் செய்திருக்கக்கூடிய எந்த விளம்பரத்தையும்விடப் பெரிதாக வேலை செய்தது. டிசம்பரில் இலவச வாசல் மறுபடியும் அடைபட்டது. மற்ற இரண்டும் திறந்திருந்ததால், எங்களைக் காணவில்லை என்று ஒருவரும் எழுதவில்லை. நான் வேறொரு நாட்டில் புதிதாக ஒன்றைத் திறந்தேன்.

சொந்தப் பெயரைப் பதியும்போது உரிமையாளர் முகவரியும் தொலைபேசி எண்ணும் கேட்டார்கள். முகவரிக்கு அண்ணன் கடையையும், எண்ணுக்கு என் வீட்டையும் கொடுத்தேன். உலகத்தில் யார் தேடினாலும் அந்தப் பதிவு கண்ணில் படும்: மேல்வரி திருநெல்வேலி டவுண், கீழ்வரி ஸ்டுட்கார்ட். நான் யார் என்று என்னைவிடச் சரியாக எழுதிவைத்திருப்பது அந்த இரண்டு வரிகள்தான்.

1999 ஜனவரியில் ஒரு நாள் மதியம், அந்த எண்ணுக்கு ஒருவர் கூப்பிட்டார். பெயர் சொல்லவில்லை. சுத்தமான நெல்லைப் பேச்சு.

"அண்ணாச்சி இருக்காவளா? கடை தொறந்துதான் இருக்கா?"

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. டவுணில் அப்போது மணி நாலரை தாண்டியிருக்கும். மதிய ஓய்வுக்குச் சாத்திய கடைப் பலகைகளை அண்ணன் கழற்றி அடுக்கியிருப்பார்.

"தொறந்துதான் இருக்கு, வாங்க" என்றேன். "எப்பவும் தொறந்துதான் இருக்கும்."

மறுபக்கம் போனை வைத்துவிட்டார்கள். வாடிக்கையாளராக இருக்கும் என்பது என் எண்ணம். புகார் எழுதிய ஆள்தான், கடை செத்துவிட்டதா என்று பார்த்திருக்கிறான் என்கிறார் அண்ணன். கூப்பிட்டவர் யார், எந்த ஊரிலிருந்து கூப்பிட்டார் என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.