பூஜையில் இருந்து எடுத்த ஸ்பானர்

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிடுகிற என் சொந்தங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, நேராகச் சங்கடத்துக்கே வருகிறேன். ஒரு மகாநவமி நாள், மத்தியானம் மூன்று மணி. என் ஆறு வயது மகள் சுபா மூச்சுவிட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய கார் வாசலில் நின்றது. அது ஸ்டார்ட் ஆகவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு சந்துக்குள் வாடகை வீட்டில் இருந்தோம். சொந்தமாக டாக்ஸி ஓட்டினேன், பழைய பெட்ரோல் கார். சுபாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு உண்டு. மழை கனத்தால் அது கூடும்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் அவளுடைய அண்ணன், எங்கள் மூத்தவன், காய்ச்சலில் போய்விட்டான். அவனுக்காக நான் பழவங்காடியில் நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தேன். பிழைக்கவில்லை. எங்கோ பூஜை முறையில் தவறிவிட்டேன், அதனால்தான் போனான் என்று ஒரு எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் தாடை மரத்துப்போகுமே, எனக்கு உள்ளே எல்லாமே அப்படித்தான் இருந்தது. பக்தி போய்விட்டது, முறை மட்டும் மிச்சம். வெள்ளிக்கிழமை தவறாமல் சந்நிதியில் போய் நிற்பேன். ஒன்றும் கேட்கமாட்டேன். நேரம் ஆனதும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன்.

இந்த ஊரில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அஷ்டமி சாயங்காலம் பிள்ளைகளின் புத்தகத்தையும் நம் தொழில் ஆயுதங்களையும் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை விரல் படக்கூடாது. நானும் வைத்தேன். ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர் எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் பட்டுத்துணியின் மேல் இருந்தன. காரைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன்.

மறுநாள் நவமி. மத்தியானம் இடியும் மழையுமாகக் கொட்டியது. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். சுபாவுக்கு இழுப்பு கண்டது. வீட்டிலிருந்த மருந்தைக் கொடுத்தோம், கேட்கவில்லை. கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வந்தது.

"பிள்ளைக்கு உதடு நீலிச்சிட்டு வருது. வண்டிய எடுங்க" என்றாள் என் மனைவி செல்வி.

மாலையைக் கூடக் கழற்றாமல் சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மறுபடியும் திருப்பினேன், மறுபடியும் 'டிக்'. ஹெட்லைட்டைப் போட்டேன், மங்கலாக எரிந்தது. சாவியைத் திருப்பினால் அதுவும் அணைந்தது. பக்கத்து வீட்டு மலையாளி ராஜன் சேட்டன், ஓட்டலில் சப்ளையர், மழையில் இறங்கி வந்தார்.

"அண்ணா, பேட்டரி போயி எந்நா தோணுந்நது" என்றார், பேட்டரி போய்விட்டதென்று நினைத்து.

"புது பேட்டரி சேட்டா. போன மாசம்தான் வச்சேன்."

அவர் மெயின் ரோடு வரைக்கும் ஆட்டோ தேடி ஓடினார். நனைந்துகொண்டு வெறும் கையோடு திரும்பி வந்தார். பூஜை நாள், போதாதற்கு ரோடெல்லாம் தண்ணீர். இரண்டு பேருமாகக் காரைத் தள்ளிப் பார்த்தோம். நாலடி நகர்ந்தது, மேட்டில் நின்றுவிட்டது.

ஆயுதம் தொடாமல் செய்ய முடிந்ததையெல்லாம் செய்தேன். மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்று டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துண்டால் துடைத்தேன். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். பேட்டரி கிளாம்புகளை ஆட்டிப் பார்த்தேன், இறுக்கமாகவே இருந்தன. வயர் ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தினேன். காரே பூஜையில் வைத்த கார்தான். அதைத் தொட மனம் சம்மதித்தது, உள்ளே பட்டுத்துணியில் இருக்கும் ஸ்பானரைத் தொட மட்டும் சம்மதிக்கவில்லை. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவன் பயம் அது. மறுபடியும் முறை தவறினால் இவளும் போவாள் என்று பயந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் கல்லுப்பிள்ளையார் மாதிரி நின்றிருப்பேன். கண் கலங்கவில்லை. ராஜன் சேட்டன் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனதாகப் பிறகு சொன்னார்.

ஈரத்தோடு பூஜை அறைக்குள் போனேன். பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டேன். உருகிக் கேட்டேன் என்று சொன்னால் பொய். கடையில் சாமான் கேட்கிற குரல்தான் வந்தது.

"பிள்ளையாரே, எனக்கு அழத் தெரியல. எது கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லு."

மணி அடிக்கவில்லை, பூ விழவில்லை. கண் எதிரே ஸ்பானர் கிடந்தது. அதன் தலையில் நான் வைத்த சந்தனப்பொட்டு காய்ந்து, வெள்ளையாகக் கட்டிதட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் நினைவு வந்தது. அஷ்டமியன்று பேட்டரியையும் விட்டுவைக்கவில்லை நான். கிளாம்பைக் கழற்றி, இரண்டு முனையிலும் சந்தனத்தைக் குழைத்துக் கட்டியாக அப்பி, குங்குமம் வைத்து, அதன் மேலேயே கிளாம்பை மாட்டி முறுக்கியிருக்கிறேன்! இருபது வருடம் வண்டி ஓட்டினவன் செய்கிற வேலையா இது? காய்ந்த சந்தனத்தின் வழியாகக் கரண்ட் எப்படிப் போகும்?

காரணம் தெரிந்தும் கை நீளவில்லை. செல்வி சுபாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்பம் அந்த ஸ்பானர எடுங்க" என்றாள்.

"பூஜையில வச்சதுட்டி. நாளைக்குக் காலம்பறதான்…"

"எடுங்கங்கேன்! சாமி கோவிச்சா எங்கிட்ட கோவிக்கட்டு. ஒண்ணக் கொண்டுபோனது போதாதா அதுக்கு?"

எடுத்தேன். ராஜன் சேட்டன் பானெட்டுக்கு மேலே குடை பிடித்தார். கிளாம்பைக் கழற்றினால் உள்ளே சுற்றிலும் சந்தனம், கலசத்துக்குப் பூசினது போல. அடுக்களைக் கத்தியால் சுரண்டி, துண்டால் துடைத்து, ஈயம் பளிச்சென்று தெரிந்ததும் மாட்டி முறுக்கினேன். சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் எஞ்சின் உறுமியது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனோம். பழவங்காடி கோயிலைத் தாண்டும்போது கும்பிடவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தது. மெடிக்கல் காலேஜ் பக்கத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் உடனே ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்தது.

"இனி பேடிக்கண்டா" என்றார் டாக்டரம்மா. இனிப் பயப்பட வேண்டாம் என்று அர்த்தம்.

செல்வி சுவரில் சாய்ந்து அழுதாள். நான் அழவில்லை. கையில் ஒட்டியிருந்த கிரீஸையும் சந்தனத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்கிற சிலர், "உனக்கே ஞாபகம் வந்தது, இதில் சாமி எங்கே வந்தார்?" என்பார்கள். எது கெட்டதென்று கேட்டேன், ஞாபகம் வந்தது. எனக்கு அது போதும். "அப்படியானால் மூத்தவனை ஏன் காப்பாற்றவில்லை?" என்றும் கேட்பார்கள். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசமாட்டேன். ஆனால் முறை தவறியதால்தான் அவன் போனான் என்கிற எண்ணம் அன்றோடு என்னை விட்டது. பூஜையில் கை வைத்தேன், அப்படியும் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார். தப்புக் கண்டுபிடித்துப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறவர் அல்ல அவர்.

இப்போதும் அஷ்டமிக்கு ஆயுதம் வைக்கிறேன். ஒரு ஸ்பானர் மட்டும் காரிலேயே இருக்கும். சந்தனம் பானெட்டுக்கு வெளியே மட்டும்தான். வெள்ளிக்கிழமை சந்நிதியில் நின்றால் ஏதாவது கேட்கிறேன், சின்னதாகவாவது. சுபா பத்தாம் கிளாஸ் படிக்கிறாள்.

எனக்கு இன்றைக்கும் கண்ணீர் அவ்வளவாக வருவதில்லை. பஜனையில் எல்லோரும் உருகும்போது நான் தூணோடு தூணாக நிற்கிறேன். உங்களிலும் அப்படி யாராவது இருப்பீர்கள். நெஞ்சு மரத்துப்போனது, இனிக் கும்பிட்டு என்ன என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அந்த மரத்துப்போன நெஞ்சோடேயே போய் நில்லுங்கள், வருகிற குரலில் கேளுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். என் பிள்ளை இருக்கிறாள்.