மஞ்சள் படகும் செப்புத் தகடும்

என் மாமா வெங்கடநாராயணன் மீன் சாப்பிட மாட்டார். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொட மாட்டார். ஆனால் பெஹாலாவில் தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஜீலில் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பார். ஜீல் என்றால் வங்காள மொழியில் ஏரி. இந்த ஜீல் சுற்றுவட்டாரத்துச் சாக்கடையெல்லாம் வந்து சேர்கிற பச்சைக் குழம்பு. அதில் பிடிக்கும் கட்லா மீனை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, பின்கட்டுக் குழாயடியில் குளித்த பிறகுதான் உள்ளே வர வத்சலா மாமி விடுவாள்.

தானும் தின்னாமல் ஒரு உயிரைக் கொக்கியில் மாட்டுவது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"சும்மா ஒரு இதுக்குத்தான் ஹம்சி," என்றார்.

அது எந்த இதுக்கு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. தூண்டிலோடு உட்கார்ந்திருக்கையில் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

கேட்டால் மாமாவுக்கு ஒரே பதில்தான் தெரியும். "செஞ்சுடலாமே." கார்டன் ரீச் பக்கம் கப்பல் கட்டும் இடத்தில் ஸ்டோர்ஸ் அதிகாரியாக இருந்தபோதும் அதே பதில்தான். ஒரே நாளில் லீவு கேட்ட அத்தனை பேருக்கும் செஞ்சுடலாமே என்று சொல்லிவிட்டு, அன்று கிடங்கில் தான் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அவர் பெண் அக்ஷராவைக் கேட்டு இரண்டு வீட்டார் வந்தார்கள். இரண்டு வீட்டாருக்கும் செஞ்சுடலாமே. ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் பழத்தட்டோடு வந்து கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்தபோது மாமா வீட்டில் இல்லை. தூண்டிலோடு போயிருந்தார். இரண்டு இடமும் முறிந்தது. அக்ஷரா இப்போது புனேயில் இருக்கிறாள், போன் செய்தால் அம்மாவிடம் மட்டும் பேசுவாள்.

இதைச் சொல்லும்போது எல்லோரும், "பாவம், ரொம்ப நல்ல மனுஷன்," என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே நான் எழுந்து போய்விடுவேன்.

மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் நான் மாமா வீட்டில் வந்து தங்கியிருந்த மாசி மாதத்தில்தான் படகு வந்தது. யாரோ மீன் பண்ணைக்காரர் கழித்துப் போட்ட சின்ன அலுமினியப் படகு. ஹவுராவில் பழைய சாமான் கடையில் பார்த்து, மட்டடோர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே நாற்றம் வந்துவிட்டது.

துறைமுக மீன்சந்தைகளில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். எதற்கும் குமட்டாத வயிறு என்று பெருமை வேறு. அந்தப் படகின் பின்சீட்டுக்கு அடியில் மிதப்பதற்காக அடைத்திருந்த ஸ்பாஞ்சை மாமா கத்தியால் கீறினார். வருடக்கணக்கில் ஊறிய மீன் தண்ணீர் கறுப்பாக வழிந்தது. அதில் வெள்ளையாக ஏதோ நெளிந்தது. நான் செம்பருத்திச் செடியோரம் போய் வாந்தி எடுத்தேன். மாமா மூக்கைக்கூடப் பொத்திக்கொள்ளவில்லை. அவர் தூண்டிலுக்குத் தயாரிக்கும் இரையே அப்படி. புளித்த கடுகுப் பிண்ணாக்கு, கெட்டுப்போன நெய், எறும்பு முட்டை, கொஞ்சம் நாட்டுச் சாராயம். அதை மாமியின் பழைய ஊறுகாய் ஜாடியில்தான் வைத்திருப்பார்.

ஆனால் வேலை என்று உட்கார்ந்தால் அவர் கை நன்றாக ஓடும். உள்பக்கம் நகம்போல ஒட்டியிருந்த செதில்களைச் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தோம். ஒடுங்கிய இடங்களை மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினார். ஆடிய ரிவெட் ஆணிகளை எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தார். பங்குனி முடிவதற்குள் படகு சாம்பல் நிறத்தில் அழகாக, வெறுமையாக நின்றது. அப்படியே விட்டிருக்கலாம்.

மாமி மாம்பழ மஞ்சள் அடிக்கச் சொன்னாள். செஞ்சுடலாமே. தெரு கிளப் பையன்கள் முன்பக்கம் சிவப்பில் பெரிதாக 'மா தாரா' என்று அம்மன் பெயரை எழுதக் கேட்டார்கள். செஞ்சுடலாமே. மாடி வீட்டு சாய்ராம், ஆபீஸில் கழித்த சுழல் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து, "அங்கிள், இதை நடுவுல போல்ட் பண்ணிடுங்கோ, ராஜா மாதிரி இருக்கும்," என்றார். அதுவும் ஏறியது. எதிர்வீட்டு தேவிப்ரியா தன் இரண்டு குழந்தைகளுக்காக ஒரு குட்டி பெஞ்சு கேட்டாள். மாமாவுக்கு என்று அந்தப் படகில் இருந்தது தூண்டில் சொருகும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றுதான்.

கடைசியாக மாமி செப்புத் தகட்டை எடுத்துவந்தாள். காளிகாட்டில் அவளுக்குத் தெரிந்த ஒரு குருக்கள் பூஜை செய்து கொடுத்த யந்திரம், உள்ளங்கை அகலம். மாமாவுக்கு நீச்சல் தெரியாது. தகடு படகின் அடித்தட்டோடு ஒட்டியிருக்க வேண்டும் என்று குருக்கள் சொன்னாராம்.

மாமா அதைத் தரைப்பலகைக்கு அடியில், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் வைத்து ரிவெட் அடித்தார். அடித்துக்கொண்டே, யாரைப் பற்றியோ சொல்வதுபோல, "செம்பும் அலுமினியமும் ஈரத்துல சேர்ந்திருக்கப்படாது. அலுமினியத்தைத் தின்னுடும். எங்க ஸ்டோர்ஸ்ல ரெண்டையும் தனித்தனி ரேக்லதான் வெப்போம்," என்றார்.

"அப்போ ஏன் மாமா அடிக்கறேள்?"

"மாமி ஆசைப்படறாளே."

"நடுவுல ஒரு ரப்பர் ஷீட்டாவது வைங்கோ."

"ஒட்டியிருக்கணும்னு சொன்னாளே."

நான் நேராகச் சமையலறைக்குப் போய் மாமியிடம் சொன்னேன். அவள் அப்பளத்தைத் திருப்பிப் போட்டபடி, "செம்பு கெடுதல் பண்ணுமா? ராத்திரி செம்புல ஜலம் வெச்சுக் கார்த்தால குடிக்கறோம். நன்னாத்தானே இருக்கோம்?" என்றாள். "இதுல கெடுதல் இருந்தா உங்க மாமா சொல்லியிருக்க மாட்டாரா?"

நான் பின்பக்கம் திரும்பியபோது தகடு ஏறிவிட்டிருந்தது.

மழைக்காலம் முழுவதும் படகு ஜீலில் கிடந்தது. சாக்கடைத் தண்ணீர் உள்ளே தேங்கித் தேங்கி வற்றியது. துர்கா பூஜை முடிந்து, காளிபூஜைக்குச் சில நாள் இருக்கும்போது, எலி ஏதோ செத்துக் கிடக்கிறது என்று நினைத்துத் தரைப்பலகையைத் தூக்கினேன். எலி இல்லை. தகட்டைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல வெள்ளைப் பொடி. விரலால் அழுத்தினேன். அலுமினியம் ஊறின அப்பளம்போல உள்ளே போனது. அடியிலிருந்து தண்ணீர் கசிந்து விரலை நனைத்தது. ஏற்கெனவே ஓட்டை விழுந்த இடங்களில் யாரோ அடைப்பு மெழுகை அப்பியிருந்தார்கள். யாரோ என்ன, மாமாதான்.

அவரைக் கூட்டிவந்து காட்டினேன்.

"தெரியும்," என்றார்.

அந்தச் சமயத்தில்தான் தேவிப்ரியா படித்துறைக்கு வந்தாள். "மேஷோ," என்று அவரைச் சித்தப்பா முறை வைத்துக் கூப்பிடுவாள். காளிபூஜை அன்று மாலை தன் குழந்தைகளையும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் படகில் ஏற்றி, ஜீலின் நடுவில் விளக்கு மிதக்கவிட வேண்டும். கிளப் பையன் ஒருவன் துடுப்புப் போடுவான். மேஷோ படகைக் கொடுத்தால் போதும்.

நடுவில் மூங்கிலை ஊன்றினால் தரை தட்டாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் விரலில் வெள்ளைப் பொடி இன்னும் ஒட்டியிருந்தது.

"செஞ்சுடலாமே," என்று வங்காள மொழியில் சொன்னார் மாமா. சிரித்துக்கொண்டு.

அவள் போன பிறகு, "மாமா, ஏறப்போறது குழந்தைகள்," என்றேன்.

"எவ்வளவு ஆசையாக் கேக்கறா பாரு. முகத்தைப் பார்த்து எப்படிம்மா சொல்றது?"

"முடியாதுன்னு சொல்றது. ஒரு வார்த்தை. நீங்க சொல்ல வேண்டாம், நான் போய்ச் சொல்றேன்."

"நீ சொன்னாலும் நான் மாட்டேன்னு சொன்னதாத்தானே ஆகும்? பொறு. நான் பார்த்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டதை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். நாளை சாயங்காலத்துக்குள் அவர் சொல்லாவிட்டால் நானே தேவிப்ரியாவைக் கூட்டிவந்து ஓட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன் என்றேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் சாப்பாடு முடிந்து தெருவே தூங்கும் நேரத்தில் பின்பக்கம் தகரம் கிழிகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய் மதில் பக்கம் நின்றேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரைக்கு இழுத்துக் கவிழ்த்த படகின் வயிற்றில் கடப்பாரையை இறக்கிக்கொண்டிருந்தார். தகட்டின்மேல் அடி விழாமல் அதைச் சுற்றியே குத்தினார். மணல் மூட்டைமேல் வைத்துத் தட்டித் தட்டி நிமிர்த்திய இடங்கள் எல்லாம் கிழிந்தன. பிறகு மூச்சிரைக்கப் புரட்டி, தண்ணீருக்குள் தள்ளினார். படகு படித்துறை ஓரமாகவே இறங்கியது. சாய்ராம் கொடுத்த நாற்காலியின் முதுகு மட்டும் பச்சைத் தண்ணீருக்கு மேலே நின்றது.

என்னைப் பார்த்தார். கடப்பாரையைக் குழாயடியில் கழுவி வைத்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"தேவிப்ரியா, படகு மூழ்கிடுத்தும்மா," என்று சொல்லும்போது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. முகம் கோணி, மூக்கிலும் ஒழுகியது. மாசக்கணக்கில் பாடுபட்ட படகு. அந்த அழுகை பொய்யாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருத்திருக்காது.

தேவிப்ரியா பதறிப்போனாள். அவரை உட்கார வைத்து விசிறினாள். விளக்குகளைப் படித்துறையிலேயே விட்டுக்கொள்ளலாம் என்றாள். குழந்தைகள் படகில் ஏறப்போவதில்லை, எனக்கு வேண்டியது அதுதான். இருந்தும் அவள் அவர் கையைப் பிடித்து ஆறுதல் சொல்வதைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செய்தி கேட்டு மாமி கொண்டையை முடிந்தபடி ஓடிவந்தாள். "பார்த்தேளா? குழந்தைகள் ஏறறதுக்கு முன்னாடியே கரையோரமா மூழ்கடிச்சுடுத்து. எல்லாம் அந்தத் தகடு பண்ணின வேலை."

"ஆமாம் வத்சலா," என்றார் மாமா.

"கிளப் பையன் சதீஷை விட்டு அதை எடுத்துத் தரச் சொல்றேன். அவன் முங்குவான். அடுத்த படகு வாங்கினா அதுலயும் இதையே அடிச்சுடுங்கோ."

"செஞ்சுடலாமே."

தேவிப்ரியா ஒரு தட்டில் சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து நீட்டினாள். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி, காலையில்தான் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றை எடுத்துச் சாப்பிட்டார். "இன்னொண்ணு மேஷோ," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையும் எடுத்தார்.