லேவியின் பங்கு

அருமனைக்குப் பக்கத்தில் என் வீட்டுக் கிழக்கு மதிலை ஒட்டிப் பத்து சென்ட் நிலம் இருக்கிறது. இப்போது அதில் என் கார் நிற்கிறது. அது என் சித்தப்பாவுக்குச் சேர்ந்திருக்க வேண்டிய இடம். சேராமல் போனதில், பத்து வயதில் நான் சொன்ன ஒரு பதிலுக்கும் பங்கு உண்டு.

அப்போது இந்த இடமெல்லாம் ரப்பர்த் தோட்டம்; விளை என்போம். தாத்தா பாகம் வைக்காமலே இறந்துபோனார். பெரியப்பாவுக்குக் களியக்காவிளையில் பலசரக்குக் கடை. அப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் எழுத்தர் வேலை. இளையவரான சித்தப்பா சபை உபதேசியார். இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை அவரை ஊர் மாற்றுவார்கள். போகிற ஊரில் சபை கொடுக்கிற வீட்டில் குடியிருப்பார். லாரியில் ஏறி இறங்கியே அவர் வீட்டுப் பாத்திரங்களெல்லாம் நசுங்கிப் போயிருந்தன.

மூவரும் பாகம் வைக்கக் கூடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்தபின். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு, பத்திரம் எழுதுகிறவர் பேனாவைத் திறந்ததும் சித்தப்பா மெதுவாக ஆரம்பித்தார்.

"எனக்கு விளையில பங்கு வேண்டாம் அண்ணே. ரிட்டயர் ஆனா சபை வீட்ட ஒழிஞ்சு குடுக்கணும். ஒரு வீடு வைக்கப் பத்து சென்ட் தந்தா போரும்."

"ஒனக்கு எதுக்குடே எடம்?" என்றார் பெரியப்பா. "நீ லேவியன் இல்லியா? வேதத்த வச்சு கஞ்சி குடிக்கிறவன் வேதத்துக்கு எதிரா எடம் கேக்கலாமா?"

விளையாட்டாகத்தான் தொடங்கினார். அப்பா சிரித்தார்; சித்தப்பாவும் சிரித்தார். அந்த மாதம்தான், ஆலயத்தில் ஞாயிறுதோறும் வேதம் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளித் தேர்வில் நான் முதல் பரிசு வாங்கியிருந்தேன். வேதத்தில் தேசத்தைப் பங்கிட்ட பன்னிரண்டு கோத்திரங்களும், ஆலய வேலைக்கென்று ஒதுக்கிய லேவி கோத்திரமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். யூதாவின் எல்லை எது, தாணின் எல்லை எது என்று யார் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்கவில்லை என்றால் நானே சொல்வேன். பெரியப்பா என் பக்கம் திரும்பினார்.

"மக்கா, நீதானே பஸ்ட்டு? லேவிக்கு என்ன கிட்டிச்சு? சொல்லு கேப்போம்."

நான் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, பரிசு வாங்கிய அதே குரலில் சொன்னேன்: லேவி கோத்திரத்துக்கு அவன் சகோதரரோடு பங்கில்லை, கர்த்தரே அவனுக்குச் சுதந்தரம்.

"கேட்டியாடே? சின்னப்பிள்ளைக்குத் தெரியுது, உபதேசியாருக்குத் தெரியல்ல!" என்று பெரியப்பா கைதட்டினார்.

அதன்பின் அது விளையாட்டாக இல்லை. விளை இரண்டு பங்காயிற்று. சித்தப்பா என் தலையைத் தடவி, "நல்லா படிச்சிருக்கான்" என்றார். பிறகு, தனக்குப் பாத்தியம் எதுவுமில்லை என்று எழுதிய தனித்தாளில் கையெழுத்துப் போட்டார்.

கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, நாற்பது வயதும் ஆனபின்புதான் வேதத்தில் அந்தப் பகுதியை முழுதாகப் படித்தேன். மற்றக் கோத்திரங்கள் தங்கள் பங்கிலிருந்து லேவியர் குடியிருக்க நாற்பத்தெட்டுப் பட்டணங்களையும் அவற்றைச் சுற்றிய நிலத்தையும் கொடுக்க வேண்டும் என்பது கட்டளை. நான் சொன்னது பாதி. அதற்குள் அப்பா இறந்து அவர் பங்கு என் பெயருக்கு வந்திருந்தது. ஓய்வுபெற்ற சித்தப்பா களியக்காவிளையில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகைக்கு இருந்தார். தேடிப் போனேன்.

"இது ஒங்களுக்குத் தெரியாதா சித்தப்பா? அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"தெரியாம இருக்குமா மக்கா? நீ பரிசு வாங்கின பிள்ளை. அண்ணன் கைதட்டிட்டு இருக்காரு. அந்நேரம் பாத்து நான் வேதத்துல அடுத்த தாளத் திருப்பி ஒன்ன பொய்யன் ஆக்கவா?"

சிரித்துவிட்டு, எனக்குக் கட்டன்சாயா போடும்படி சித்தியிடம் சொன்னார். அந்தப் பத்து சென்டை எழுதித் தருகிறேன் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சாயாவைக் குடித்தேன், சொல்லவில்லை. என் மகள் கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினேன், பிறகு மகன் வீடு கட்டட்டும் என்று. அதற்குள் சித்தப்பா இன்னும் இரண்டு வாடகை வீடு மாறி, கடைசி வீட்டில் இறந்தார். வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றதால் சவப்பெட்டியை அவசரமாக ஆலயத்துக்கு எடுத்துப் போனோம்.

நாற்பது வயதில் சொல்லாமல் வந்ததற்கு என்னிடம் சமாதானம் இல்லை. பத்து வயதில் சொன்னதற்கு மட்டும் ஒன்று உண்டு. எங்கள் வேதத்தில் சுதந்தரம் என்றால் வாரிசாக வரும் சொத்து. அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் தருகிறார்களே, அந்தச் சுதந்திரம்தான் இது, அச்சில் ஒரு சுழி விட்டுப்போயிற்று என்று நினைத்திருந்தேன். அன்றைக்குச் சித்தப்பா கையெழுத்துப் போட்ட தாளை எட்டிப் பார்த்தேன். தலைப்பில் 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது. எனக்கு இருந்த கொஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வெறும் ரப்பர் மரங்கள், சித்தப்பாவுக்கு விடுதலை. மூன்று பேரில் அவருக்குத்தான் பெரிய பங்கு என்று நானும் கைதட்டினேன்.