சுந்துஸின் நான்கு ஆம்பியர்

பாக்தாத்தின் கர்ராதா பகுதியில், வீட்டிலேயே பெண்களுக்கு முடி வெட்டி, சாயம் பூசி, மணப்பெண் அலங்காரம் செய்து பிழைக்கும் சுந்துஸுக்கு, நாற்பதைத் தொடப்போகிற வயதில் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஆசை வந்தது. அதுவும் கடையில் தயாராக இருப்பது வேண்டாமாம். பாகம் பாகமாகப் பார்த்து வாங்கி, தன் கையாலேயே பூட்ட வேண்டுமாம். இதைக் கேட்டு மாமியார் உம்மு லபீத் முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இந்த வயசுல பொம்பளைங்க ஹஜ்ஜுக்குப் போகணும்னு ஆசைப்படுவாங்க. என் மருமகளுக்குத் துப்பாக்கி சுடணுமாம்!"

சுந்துஸுக்குத் துப்பாக்கியும் வேண்டாம், பீரங்கியும் வேண்டாம். அவளுக்கு வேண்டியது தம்பி அய்சரின் குரல். ஸ்வீடனுக்கு அகதியாகப் போய் மால்மோவில் ஒதுங்கியவன் அவன். அங்கே தங்கும் அனுமதி இன்னும் கிடைக்காத நேரத்தில் இங்கே அம்மா போய்ச் சேர்ந்தாள். அவன் வரவில்லை. வந்திருந்தால் திரும்பிப் போயிருக்க முடியாது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் அதற்குப் பிறகு போனில் அவனுக்குப் பேச்சே வரவில்லை. "நல்லா இருக்கியா?" "இருக்கேன்." "சாப்பிட்டியா?" "ம்." அவ்வளவுதான், இருவரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அவன் சிறுவயதிலிருந்தே அப்படித்தான். முகத்தைப் பார்த்துக் கேட்டால் வாயில் கொழுக்கட்டை. கை மட்டும் ஒரு விளையாட்டில் ஓடிக்கொண்டிருந்தால் போதும், மனதில் கிடப்பதையெல்லாம் கொட்டிவிடுவான். ஊரடங்கு நாட்களில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தபோது, அக்காவும் தம்பியும் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து குத்துச்சண்டை விளையாடுவார்கள். அவன் பயந்ததையெல்லாம் அவளிடம் சொன்னது அப்போதுதான். அதனால், "வெள்ளிக்கிழமை மதியம் நான் கேம் ஆடுவேன், நீயும் வாயேன்" என்று அவன் ஒருநாள் செய்தி அனுப்பியபோது, சுந்துஸ் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணவன் லபீத்தின் பழைய லேப்டாப் அந்த கேமைத் திறக்கப் பார்த்து, மூச்சு வாங்கி, அணைந்தே போனது. மறுவாரம் அவள் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சினாஆ தெருவில் இருந்தாள்.

அங்கே ஹிக்மத் என்பவரின் கடை. உச்சி முதல் பாதம் வரை பெட்டிகளாலேயே ஆன கடை. வயதான மனிதர், எல்லோரையும் "கண்ணு" என்றுதான் கூப்பிடுவார். அவர் கேட்ட முதல் கேள்வி என்ன கேம் என்பதல்ல.

"வீட்ல எத்தனை ஆம்பியர், கண்ணு?"

பாக்தாத்தில் இதைக் கேட்காமல் ஒரு பல்பு கூட விற்க மாட்டார்கள். அரசு மின்சாரம் போனதும் தெருமுனை ஜெனரேட்டர் ஓடும். யார் எவ்வளவுக்குச் சந்தா கட்டியிருக்கிறார்களோ அவ்வளவுதான் வரும். மிஞ்சினால் வாசல் சுவிட்ச் 'டக்' என்று விழும், வீடே அணையும்.

"நாலு."

"ஃப்ரிட்ஜ், லைட், ஃபேன்... சரி, மிச்சத்துல என்ன ஓடும்னு பார்ப்போம்."

அன்று அவள் எதுவும் வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, பார்த்த பாகங்களை அய்சருக்குப் படம் எடுத்து அனுப்பினாள். உடனே போன் அடித்தது.

"அக்கா, அந்த மதர்போர்டைத் தொடாதே! ரெண்டு வருஷத்துல குப்பை. யாரு உன் தலையில கட்டப் பார்த்தது?"

"டேய், அந்த மனுஷன் நல்லவர்டா."

"நல்லவர்தான், போர்டு நல்லதில்ல."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அரை மணி நேரத்துக்கு மேல் பேசியிருக்கிறான். சண்டை போட்டிருக்கிறான். ஒருதடவை சிரிக்கக்கூடச் செய்தான்.

சுந்துஸ் பிழைக்கத் தெரிந்தவள். அன்றிலிருந்து அவள் பாகம் தேர்ந்தெடுத்த அழகைப் பார்க்க வேண்டுமே! ஒரு நாள் பெட்டிக்காகப் போவாள். கண்ணாடி வைத்து வண்ண விளக்கு எரிகிற பெட்டியா, தூசி வடிகட்ட வலை போட்ட பெட்டியா? புழுதிக்காற்று அடிக்கும் ஊரில் வலைதான் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் தம்பியிடம் கேட்பாள். கேட்டால் அவன் வாதாடுவான், வாதாடினால் பேசுவான். அடுத்த நாள் மெமரி. அதற்கடுத்து, சின்ன ஃபேனா பெரிய ஃபேனா. கரண்ட் மாறுகிற நொடியில் கம்ப்யூட்டர் அணையாமல் காப்பாற்றும் பேட்டரிப் பெட்டிக்கு மட்டும் ஒரு முழு வாரம் போனது.

ஹிக்மத்துக்குப் பொறுமை போயிற்று. "கண்ணு, என் மகனுக்குப் பொண்ணு பார்க்கும்போதுகூட நாங்க இத்தனை வீடு ஏறி இறங்கலை. ஏலக்காய் டீ குடிக்கத்தான் வர்றியா?"

"டீயும் நல்லாத்தானே இருக்கு, ஹாஜி."

கடைசியாக மிஞ்சியது கிராஃபிக்ஸ் கார்டு. ஹிக்மத் ஒரு சின்ன கார்டை எடுத்து வைத்தார். கொஞ்சமாக மின்சாரம் தின்னும், கேமும் ஓடும். போனில் கேட்டுக்கொண்டிருந்த அய்சருக்கு அது பிடிக்கவில்லை.

"பெரிசை எடு அக்கா. சின்னதுல பார்த்தா கண்ணு வலிக்கும். உனக்காகச் சொல்றேன்."

உனக்காகச் சொல்றேன். எத்தனை காலம் கழித்து அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை! ஹிக்மத் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "கோடையில வீட்ல கூலர் ஓடுமா?"

அப்போது மார்ச் மாதம். ஜன்னலைத் திறந்தாலே குளுகுளுவென்று காற்று. கூலர் மொட்டைமாடியில் சாக்குப் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது. அரசு மின்சாரம் இருக்கும் நேரத்துக்குத்தான் தலை உலர்த்த வாடிக்கைக்காரிகளை வரச் சொல்லும் சுந்துஸ், அயர்ன் பாக்ஸைத் தொட்டால் கணவன் மேலேயே பாய்கிற சுந்துஸ், வாழ்நாள் முழுக்க ஆம்பியரோடு குடும்பம் நடத்தியவள், "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று பெரிய கார்டையே வாங்கினாள். தம்பி ஊரை விட்டுப் போய் வருஷங்கள் ஆனதால் ஆம்பியரை மறந்துவிட்டான். இவள் மறக்கவில்லை. அவன் பேச்சைத் தட்ட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முடி வெட்டும் மேசையில் எல்லாவற்றையும் பரப்பி அவளே பூட்டினாள். வீடியோவில் அய்சர் "மெதுவா, மெதுவா" என்று பதறினான். முதல்முறை திரையில் வெளிச்சம் வந்தபோது லபீத் கை தட்டினான். மாமியார்கூட, "ம், எரியுதே" என்று ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமைகள் பிறந்தன. சுந்துஸ் மகா மட்டமாக விளையாடினாள். சுவரைச் சுடுவாள், தன் ஆளையே சுடுவாள். அய்சர் விழுந்து விழுந்து சிரித்தான், சிரித்துக்கொண்டே பேசினான். கடுப்பேற்றும் முதலாளி, மாடிவீட்டுக்காரியின் நாய், தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்னும் சோறு. அவள் ஒவ்வொன்றையும் கேட்டு மனதுக்குள் இறைவனுக்கு நன்றி சொன்னாள்.

ஜூன் வந்தது. கூலர் கீழே இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை, திராட்சை இலையில் சோறு பொதிந்த டோல்மாவைச் சாப்பிட்டுவிட்டு மாமியார் கூலர் முன்னால் சாய்ந்திருந்தார். லபீத் தரையில் படுத்திருந்தான். ஹெட்போனை மாட்டினால் காது வெந்துவிடும் போலிருந்ததால் ஸ்பீக்கரிலேயே தம்பியின் குரல் வந்துகொண்டிருந்தது. ஏதோ கட்டடத்துக்குள் இருவரும் ஓடிக்கொண்டிருந்தபோது, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவன் கேட்டான்.

"அக்கா, கடைசியில அம்மா என்னைக் கேட்டாங்களா?"

சுந்துஸின் கை மவுஸ் மேல் நின்றுவிட்டது. அந்த நொடியில்தானா அரசு மின்சாரம் போக வேண்டும்? போயிற்று. ஜெனரேட்டர் வந்தது, நான்கு ஆம்பியரையும் கம்ப்யூட்டரும் கூலரும் சேர்ந்து விழுங்கப் பார்த்தன. 'டக்.' வாசல் சுவிட்ச் விழுந்தது. பேட்டரிப் பெட்டி மட்டும் கம்ப்யூட்டரையும் இன்டர்நெட்டையும் தாங்கிப் பிடித்துக்கொண்டு கீச் கீச் என்று கத்தியது. லபீத் வாசலுக்கு ஓடி சுவிட்சைத் தூக்கினான். மறுபடியும் 'டக்.'

"கரண்ட் போச்சா?" என்றான் அய்சர். குரல் அதற்குள் சுருங்கிவிட்டது. "சரி, விடு. அப்புறம் பேசலாம்."

அந்த அப்புறம் வரவே வராது என்று சுந்துஸுக்குத் தெரியும். மாமியார் முனகிக்கொண்டே எழுந்தார். நேராகப் போய்க் கூலரை அணைத்தார். ஃபேனையும் அணைத்தார்.

"லபீத், இப்போ சுவிட்சைத் தூக்கு!"

இந்தத் தடவை அது நின்றது. கீச் சத்தம் ஓய்ந்தது. மாமியார் முந்தைய இடத்திலேயே பொத்தென்று உட்கார்ந்து, முக்காட்டால் விசிறிக்கொண்டே ஸ்பீக்கரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"அய்சர்! எங்கேயும் போகாதேடா. உங்க அக்கா பதில் சொல்லப்போறா. நான் இங்கே வெந்துட்டிருக்கேன், அந்த வேர்வை வீணாப் போகக்கூடாது!"

சுந்துஸின் கண்ணில் நீர் முட்டியது. காலமெல்லாம் தன்னைக் கிண்டலடித்த அந்த மனுஷியின் கையைப் பிடித்து முத்தமிடலாம் போல இருந்தது.

"கேட்டாங்கடா. அவன் வரலைதானேன்னு திரும்பத் திரும்பக் கேட்டாங்க. நீ கிளம்பி வந்துடுவியோன்னு அவங்களுக்கு ஒரே பயம். வந்துட்டா உன்னை அங்கே திரும்ப விட மாட்டாங்கன்னு. வரலைம்மா, அங்கேதான் இருக்கான்னு நான் சொன்னப்புறம்தான் கண்ணை மூடித் தூங்கினாங்க."

மால்மோவில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவன் பேசத் தொடங்கினான். வராமல் போனதற்காக இத்தனை நாள் தன்னையே தின்றுகொண்டிருந்ததைச் சொன்னான், அழுதான், அம்மாவின் சமையலைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கவும் செய்தான். திரையில் இருவருடைய ஆட்களும் செத்துக் கிடந்தார்கள். அரசு மின்சாரம் எப்போதோ திரும்பி வந்துவிட்டது. வேர்வை வழிய உட்கார்ந்திருந்த அந்த மூன்று பேரில் ஒருவருக்கும் கூலரைப் போடவேண்டும் என்று தோன்றவில்லை.