முப்பத்தாறு வயதில் குந்தவை படிக்கப் போனாள்

திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் உரக்கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது குந்தவையின் பியூட்டி பார்லர். படியேறும்போது பூச்சிமருந்து வாடை அடிக்கும். மேலே கதவைத் திறந்தால் ரோஸ் வாட்டர் வாசம். பள்ளிக்கூட டீச்சர்கள், வேளாண்மை ஆபீஸ் பெண்கள், முகூர்த்த மாதங்களில் சுற்றுப்பட்டு ஊர்களின் கல்யாணப் பெண்கள் என்று ஆள் வரத்துக்கு அவளுக்குக் குறைவிருந்ததில்லை.

தொழிலை அவள் எங்கும் சேர்ந்து படித்தவள் அல்ல. பத்தாவது முடித்ததும் திருச்சியில் ஒரு பார்லரில் துண்டு துவைக்கவும் தரை துடைக்கவும் சேர்ந்தாள். துடைத்துக்கொண்டே பார்த்தாள். பார்த்ததைத் தன் தங்கையின் புருவத்தில் செய்து பழகினாள். பரணிதரனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தபிறகு, சில வருஷம் வீட்டிலேயே வைத்துச் செய்துவிட்டு, மாடியை வாடகைக்குப் பிடித்தாள். பரணிதரன் குடமுருட்டி ஆற்றங்கரையில் குத்தகைக்கு நெல் போடுகிறவன். மழை தவறினாலும் மிஞ்சினாலும் வீட்டைத் தாங்கிப் பிடித்தது அந்த மாடிதான்.

சோபாவுக்கு மேலே சுவரில் தங்க ஓரம் போட்ட மூன்று சட்டங்கள் தொங்கின. அழகுசாதனக் கம்பெனிகள் ஓட்டல் ஹாலில் நடத்தும் முகாம்களில் கொடுத்த சான்றிதழ்கள். ஒன்றில் அவள் பெயருக்கு முன்னால் 'எக்ஸ்பர்ட்' என்றுகூட இருந்தது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு உட்காருவார்கள். யாரும் எழுந்துபோய் வாசித்ததில்லை.

வாசித்தவள் மதிவதனி. பூதலூர்ப் பெண். பார்மசி படித்துவிட்டுத் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன் தலைமுடிக்குக் கலர் போடவும் ஃபேஷியல் செய்யவும் கேட்டு, அம்மாவோடு வந்திருந்தாள். அம்மா உட்கார்ந்தார். அவள் உட்காரவில்லை. சட்டத்தின் அருகே போய் நின்றாள்.

"அக்கா, இது எத்தன நாள் கோர்ஸ்?"

ஆறு மாசம் என்று குந்தவை சொல்லியிருக்கலாம். அந்தத் தாளில் நாள் கணக்கு எதுவும் இல்லை.

"ரெண்டு நாள்மா."

"மத்த ரெண்டும்?"

"அதுவும் அப்படித்தான்."

அம்மாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "என்னடி பரீட்சை வைக்கிற? இவங்க பதினோரு வருஷமா கடை வச்சிருக்காங்க. உங்க சித்தி பொண்ணுக்கு இவங்கதான் பண்ணாங்க."

"தப்பா நெனைக்காதீங்கக்கா," என்றாள் மதிவதனி. குரலில் திமிர் இல்லை. "எனக்கு ஸ்கின் சட்டுனு ஒத்துக்காமப் போயிடும். ஒரு தடவ மூஞ்சி முழுக்க வீங்கிடுச்சு. அதான் கேக்குறேன். இந்தக் கலர்ல என்ன இருக்கு, எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க?"

நல்ல கம்பெனி, யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்று குந்தவை சொன்னாள். சொல்லும்போதே அது பதில் இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. மதிவதனி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அன்று சாயங்காலம் பரணிதரன் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு மாடிக்கு வந்தபோது மூன்று சட்டங்களும் தரையில் கவிழ்ந்து கிடந்தன.

"என்ன இது? ஒருத்தி ஏதோ கேட்டுட்டான்னா எல்லாத்தையும் கழட்டிருவியா?"

"அவ கேட்டுட்டா. மத்தவங்க கேக்கல. அவ்வளவுதாங்க வித்தியாசம்."

"அதுக்கு?"

"படிக்கப் போறேன்."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. "கடையை யாரு பாத்துக்கறது?" என்று மட்டும் கேட்டான். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் திறப்பேன் என்றாள். அவன் பாத்திரத்தைத் திறந்து வைத்தான்.

தஞ்சாவூரில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் அழகுக்கலைக்கு ஒரு வருஷப் படிப்பு இருந்தது. முடிவில் மத்திய அரசு நடத்தும் தேர்வு. தேறினால் நாடு முழுவதும் செல்லும் சான்றிதழ். விண்ணப்பம் வாங்கப் போனபோது கவுன்டரில் இருந்தவர், "பொண்ணு வரலீங்களா? அதுதான் கையெழுத்துப் போடணும்," என்றார்.

"பொண்ணு எட்டாவது படிக்குது சார். இது எனக்கு."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைப் பார்த்தார். பெண்களுக்கு வயது வரம்பு இல்லை என்பதை ஏற்கெனவே விசாரித்துக்கொண்டுதான் அவள் வந்திருந்தாள். அதையும் அவரிடம் சொன்னாள்.

வகுப்பில் மற்ற எல்லோரும் பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்த பெண்கள். பயிற்றுநர் லத்தீஃபாவே குந்தவையைவிடச் சின்னவள். அவள் குந்தவையை 'அக்கா' என்றாள். குந்தவை அவளை 'மேடம்' என்றாள். முதல் வாரம் நூலால் புருவம் திருத்தும் வகுப்பில், மற்றவர்கள் நூலைச் சிக்கலாக்கிக்கொண்டிருக்கும்போது குந்தவை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். பெண்கள் கைதட்டினார்கள். லத்தீஃபா தட்டவில்லை.

"நல்லா இருக்குக்கா. நூலை வாயில கடிச்சீங்களே, ஏன்?"

"அப்படித்தான் மேடம் பழக்கம்."

"உங்க எச்சி இன்னொருத்தவங்க முகத்துல படுது. கழுத்துல மாட்டிச் செய்யுங்க. மறுபடியும் மொதல்லேருந்து."

குந்தவைக்கு முகம் சிவந்துவிட்டது. நூலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செய்தாள். புதிதாகக் கற்கிறவளைப் போல அவள் கை தடுமாறியது. பழகிய கையை மாற்றுவது புதுக் கையைப் பழக்குவதைவிடக் கஷ்டம் என்று அந்த வருஷம் முழுக்க உணர்ந்தாள். ஒருவருக்கு முடி எடுத்த மெழுகை மறுபடி சூடாக்கிப் பயன்படுத்தக் கூடாது என்பது, சீப்பையும் கத்தரியையும் கிருமிநீக்கம் செய்யும் முறை, எந்தத் தோலுக்கு எது ஆகாது என்பது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. தலைமுடிக் கலரைக் காதுக்குப் பின்னால் ஒரு துளி தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்ற பாடம் வந்த அன்று அவள் குறிப்பெடுக்கவே இல்லை. மதிவதனி நின்ற இடமும் கேட்ட கேள்வியும் நினைவில் ஓடிக்கொண்டிருந்தன.

காலையில் சமையலை முடித்துவிட்டுத் தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடிப்பாள். திரும்பி வந்து அப்படியே மாடியேறிக் கடையைத் திறப்பாள். பகலில் கடை பூட்டியிருந்ததால் பாதிப்பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு பார்லர் வேறு வந்தது. அதன் சுவரில் ஏழெட்டுச் சட்டங்கள். கடைத்தெருவில், "குந்தவைக்கு இனிமே என்ன படிப்பு வேண்டிக்கிடக்கு," என்ற பேச்சும் அவள் காதுக்கு வந்தது.

செய்முறைத் தேர்வில் வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். எழுத்துத் தேர்வு கம்ப்யூட்டரில். அதற்கு முன் அவள் மவுஸைத் தொட்டதே இல்லை. அம்பு ஓரிடம் போனால் அவள் கை வேறிடம் போனது. விடை தெரிந்த கேள்விகளையும் தவறவிட்டாள். நேரம் முடிந்து திரை தானாக அணைந்தது.

முடிவு வந்தபோது குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. பரணிதரன் கொள்முதல் நிலைய வாசலில், தார்ப்பாய் போட்டு மூடிய நெல் குவியலின் பக்கத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றான். குந்தவை குடையோடு அங்கேயே போனாள்.

"ஃபெயிலுங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "எதுல?"

"தியரில. கம்ப்யூட்டர் கைக்கு வரல."

"படிச்சது வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"அப்பறம் என்ன? கம்ப்யூட்டரைப் பழகிக்க." சொல்லிவிட்டு, காற்றில் தூக்கிய தார்ப்பாயை இழுத்துச் செருகப் போனான். குடையை மடக்கிவிட்டு அவளும் மறுமுனையைப் பிடித்தாள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மீரா உசேன் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். சிட்டா, அடங்கல் என்று நிலப் பதிவுகளைப் பிரிண்ட் எடுக்க விவசாயிகள் வரும் கடை. குந்தவை அங்கே ஓரத்தில் ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். முதலில் அவர் அவளுக்குச் சீட்டாட்டத்தைத் திறந்துகொடுத்தார். "சீட்டை இழுத்து இழுத்துப் போடுங்கம்மா, கை தானா வந்துரும்." பார்லர்க்கார அம்மா கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவதை, பயிர்க்கடனுக்கு அடங்கல் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மாதிரித் தேர்வுகளுக்கு மாறினாள். மறுதேர்வில் நேரம் மிச்சம் இருக்கும்போதே எழுந்து வந்தாள். தை மாதம் முடிவு வந்தது. தேறிவிட்டாள்.

சுவரில் இப்போது ஒரே ஒரு தாள். தங்க ஓரம் கிடையாது. அதை மாட்டிய வாரம் வந்த டீச்சர் ஒருவர் கேட்டார்: "முன்னாடி மூணு இருந்துச்சேம்மா? ரெண்டு எங்க?"

குந்தவைக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஒரு வருஷம் பஸ்ஸில் அலைந்து வாங்கியதை இரண்டு நாள் தாளோடு சேர்த்து எண்ணுகிறார்களே. தாள் தானாகப் பேசாது, தான்தான் பேச வேண்டும் என்று புரிந்தது. அன்றிலிருந்து, புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, தான் என்ன படித்தாள், எவ்வளவு காலம், யார் தேர்வு வைத்தார்கள் என்று சொன்னாள். தாளின் மூலையில் இருக்கும் கட்டத்தைக் காட்டி, "உங்க போன்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க, என் பேரு வரும்," என்றாள். பக்கத்திலேயே ஒரு பலகையும் எழுதி மாட்டினாள்: 'நான் டாக்டர் இல்லை. தோல் வியாதிக்கு இங்கே சிகிச்சை கிடையாது. கலர் போட இரண்டு நாள் முன்னதாக வந்து சோதனை செய்துகொள்ளவும்.'

"கடைக்கு வர்றவங்கள நீயே தொரத்துற," என்றான் பரணிதரன்.

அது நடக்கவும் செய்தது. ஒரு முகூர்த்தத்துக்கு முதல்நாள் ஒரு குடும்பமே வேன் எடுத்து வந்தது. பெண்ணுக்கும் அக்கா தங்கைகளுக்கும் உடனே கலர் போட வேண்டும் என்றார்கள். மேக்கப் போடுகிறேன், கலர் முடியாது என்றாள் குந்தவை. மொத்தப் பேரும் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் மண்டபத்து வழியாகப் போனபோது குந்தவை அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அழகாகவே இருந்தாள்.

வீட்டில் இதைச் சொன்னபோது பரணிதரன் கேட்டான்: "அப்ப நீயே போட்டிருக்கலாம்ல?"

"ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? தெரியாம இனிமே கை வைக்க மாட்டேன்."

இப்படிச் சில மாதங்கள் கடினமாகத்தான் ஓடின. பிறகு மெல்ல மெல்ல, ஒத்துக்கொள்ளாத தோல் உள்ளவர்கள், பயந்துகொண்டே பார்லருக்குப் போகிறவர்கள் அவளைத் தேடி வந்தார்கள். திருவையாற்றிலிருந்து ஒருத்தி, கண்டியூரிலிருந்து ஒருத்தி. பழைய கூட்டம் இல்லை. ஆனால் வந்தவர்கள் நின்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இராஜாங்கம் வந்தார். ஒரு அழகுசாதனக் கம்பெனியின் டெல்டா மாவட்ட ஏஜென்ட். கும்பகோணத்தில் இரண்டு நாள் முகாம் நடத்தப்போவதாகவும், அவளே அதில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"அரசாங்க சர்டிபிகேட் வச்சிருக்கீங்க. உங்க படத்தைப் பெருசா பேனர்ல போட்டுருவோம்."

"வர்றவங்களுக்கு என்ன சார் கொடுப்பீங்க?"

"'மாஸ்டர் இன் பிரைடல் மேக்கப்'. சட்டம் போட்டே கொடுத்துருவோம்."

"'ரெண்டு நாள் முகாமில் கலந்துகொண்டார்'னு தமிழ்ல பெருசா போடுங்க. நான் வர்றேன்."

இராஜாங்கம் சிரித்தார். "அப்படிப் போட்டா யாரும்மா வருவாங்க?"

"கத்துக்கணும்னு நெனைக்கிறவங்க வருவாங்க."

"நீங்களும் இப்படி ஆரம்பிச்சவங்கதானே?"

"ஆமா சார். அதனாலதான் சொல்றேன்."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முகாம் வேறொருவரை வைத்து நடந்தது.

முகாம் முடிந்த அடுத்த வாரம் நூர்ஜஹான் என்ற பெண் மாடியேறி வந்தாள். அய்யம்பேட்டையில் வீட்டிலேயே மருதாணியும் மணப்பெண் அலங்காரமும் செய்கிறவள். வந்ததும் வராததுமாகச் சொன்னாள்: "கும்பகோணத்துல அந்த ஏஜென்ட் மைக்கைப் பிடிச்சுகிட்டு உங்களக் கேலி பண்ணாரு, அக்கா. அப்படி என்ன பெரிய படிப்புன்னு பாக்கத்தான் வந்தேன்."

குந்தவை அவளைச் சுவரருகே அழைத்துப் போனாள். நூர்ஜஹான் தாளை நிதானமாக, ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

"எனக்கு நாப்பது ஆகப்போவுதுக்கா."

"வயசு பாக்க மாட்டாங்க. ஆனா ஒரு வருஷம் தினமும் போவணும். பகல்ல கடை நடத்த முடியாது. தியரி கஷ்டம். நான் ஒரு தடவ ஃபெயில் ஆயிட்டேன்."

நூர்ஜஹான் நிமிர்ந்தாள். "நீங்களா?"

"நானேதான். கம்ப்யூட்டர் தெரியுமா உங்களுக்கு?"

"மச்சான் துபாய்லேருந்து லேப்டாப் கொண்டாந்திருக்காரு. தொட விட மாட்டாரு."

"தொடுங்க," என்றாள் குந்தவை. "பத்தாவது மார்க்‌ஷீட் இருக்கா?"

"அது நாகூர்ல, எங்கம்மா வீட்டுல கெடக்கு."

"போயி எடுத்துட்டு வாங்க. சேர்க்கை ஆரம்பிக்கப் போவுது."

நூர்ஜஹான் இப்போது லத்தீஃபாவின் வகுப்பில் இருக்கிறாள். கை வேகமாம், தோல் பாடத்தில் தடுமாறுகிறாளாம். குந்தவை பயிற்றுநர் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறாள். காலையில் கடை திறப்பதற்கு முன்னால், சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து, புத்தகத்தைச் சத்தம்போட்டு வாசிக்கிறாள். கீழே உரக்கடையில் மூட்டை இறக்குகிறவர்களுக்கும் அது கேட்கிறது.