கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும்

வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை, மஞ்சள் சார்ட் ஒன்றில் ஐந்து விதிகளை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒன்பதாம் வகுப்பின் சுவரில் ஒட்டினேன். ஆட்டையாம்பட்டிப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஆங்கில ஆசிரியர் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகத் தாண்டிய முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, விதிகள் மேல் எனக்குக் கொஞ்சம் பக்தியே உண்டு. இன்ன நேரத்தில் இன்னது செய்ய வேண்டும் என்று யாராவது எழுதி ஒட்டியிருந்த இடங்களில்தான் நான் பயமில்லாமல் நடமாடியிருக்கிறேன். சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கும் இடங்களில் திருதிருவென்று விழித்திருக்கிறேன்.

மணி அடித்ததும் புத்தகம் திறந்திருக்க வேண்டும். நடுவில் பேச்சு கூடாது. தெரியாவிட்டால் தெரியாது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம், அதற்குத் திட்டு கிடையாது. தினமும் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒருவர் எழுந்து பத்து வரி வாசிக்க வேண்டும்; அது கடைசி பெஞ்சுக்குக் கேட்க வேண்டும். இரண்டு முறை வாசிக்காதவர் வீட்டுக்குக் கடிதம் போகும்.

நான்காவது விதியை மட்டும் சிவப்பில் எழுதினேன். அது என் அப்பாவின் விதி. வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்புகளில் கூலி வேலை எங்களுக்கு. அப்பா மரத்தின் உச்சியில் இருப்பார், அம்மா கீழே பொறுக்குவார். கோபமோ கொஞ்சலோ, சாப்பிட்டாயா என்ற விசாரிப்போ, எங்கள் வீட்டில் எல்லாமே கத்தித்தான். கல்லூரியில் ஆங்கிலம் பேச வாய் திறந்தால் குரல் தொண்டைக்குள் இறங்கிவிடும். விடுமுறை நாட்களில் தோப்புக்குள் நின்று மரங்களுக்குப் பாடம் வாசித்துத்தான் அதை மேலே கொண்டுவந்தேன். உச்சியிலிருந்து அப்பா, "சத்தமா படிடா, இங்க ஒண்ணும் கேக்கல" என்பார். ஒரு சொல்லும் அவருக்குப் புரியாது. ஆனாலும் கேட்க வேண்டும்.

பள்ளியின் பின்சுவரை ஒட்டித் தறிப்பட்டறைகள். காலையில் தொடங்கும் தடதடப்பு மாலை வரை நிற்காது. மற்ற வகுப்புகளில் பிள்ளைகளின் கூச்சலும் அதோடு சேர்ந்துகொள்ளும். என் வகுப்பில் மட்டும், தறிச் சத்தத்தைக் கழித்துவிட்டால், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அதுவும் போக, யாரை எழுப்பிக் கேள்வி கேட்டாலும், கொஞ்ச நேரம் யோசிப்பது போல ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுச் சரியான பதிலைச் சொல்லிவிடுவார்கள். "என்ன சார் மந்திரம் போட்டீங்க?" என்றார் ஆசிரியர் அறையில் கணக்கு ஆசிரியை. "மந்திரம் எல்லாம் இல்லைங்க மேடம், சார்ட்டுதான்" என்றேன். அன்று நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

வாசிக்காதவள் ஒருத்திதான். ஜன்னலோரம், மூன்றாவது பெஞ்சு. வரிசை எண் பதினேழு. முதல் சுற்றில் அவள் முறை வந்தபோது எழுந்தாள், புத்தகத்தைப் பிடித்தாள், உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"சத்தமா" என்றேன்.

மறுபடியும் உதடுகள்தான். கடைசி பெஞ்சில் ஒருவன், அந்த வகுப்பின் குறும்புக்கே குத்தகைதாரன், "சார், டிவியில மியூட் போட்டாப்ல இருக்குதுங்க" என்றான். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டாவது சுற்றில் பதினேழாம் எண் வரும் நாளில் அவள் பள்ளிக்கே வரவில்லை. மறுநாள் வந்தாள். விதி விதிதான் என்று ஒரு தாளில் எழுதினேன்: "உங்கள் மகளுக்கு ஆங்கிலம் வாசிக்க வரவில்லை. நேரில் வந்து பார்க்கவும்." அவளிடமே கொடுத்தால் போய்ச் சேராது என்று பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் கொடுத்தேன்.

அந்தப் பெண் அதை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். "சார், இது வேண்டாமுங்க சார்."

"ஏன்?"

"அவிங்க ஊட்டுல..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். நான் சார்ட்டைக் காட்டினேன். போய்விட்டாள்.

அதன் பிறகு நான்கு நாட்கள் ஜன்னலோர இடம் காலியாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் மாதாந்திர மின்தடை. மின்கம்பிகளைப் பராமரிக்க மாதம் ஒரு நாள் கரண்டை நிறுத்துவார்கள். தறிகள் நிற்கும். இந்த ஊரில் பெற்றோர் பள்ளிக்கூடத்துக்கு வர முடிகிற நாள் அதுதான். மதியச் சாப்பாடு முடிந்து வகுப்புக்குள் நுழையும்போது வாசலில் ஓர் அம்மா நின்றிருந்தார். தலைமுடியில் பஞ்சுத் தூசி. கையில் என் கடிதம். தள்ளி, கேட்டருகே வேப்ப மரத்தடியில், புத்தகப் பையோடு பதினேழாம் எண்.

"ஏனுங்க, நீங்கதான் இங்கிலீஸ் சாருங்களா?"

"ஆமாங்க, வாங்க."

"எழுத்துக் கூட்டித்தான் படிப்பேனுங்க. ரெண்டே வரி. ரெண்டு நாளாப் படிச்சேன்." தாளை நான்காக மடித்தார். "புள்ளைக்கு ஏறலீன்னா உட்டுருங்க சார். எங்க பட்டறையில ரெண்டு தறி ஆளில்லாம நிக்குது. நானும் பக்கத்துல இருந்து பழக்கிக்குவேன். டி.சி. வாங்கிட்டு வந்துருன்னு அவுங்கப்பா சொல்லிட்டாருங்க."

வந்து பாருங்கள் என்றுதான் எழுதினேன். அது இங்கே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. ஐந்தாவது விதியை எழுதிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த அம்மா கேட் பக்கம் திரும்பினார். அவர் உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. மரத்தடியில் மகளின் உதடுகளும் அசைந்தன. அம்மா பட்டென்று சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"என்னங்க சொன்னீங்க?"

"புக்கெல்லாம் எடுத்தாந்தியா சாமின்னு கேட்டேனுங்க. திருப்பிக் குடுக்கணுமில்ல? ஒண்ணு மட்டும் தர மாட்டாளாமா."

"எதுங்க?"

"இங்கிலீஸு."

நான் அவரையும் மரத்தடியையும் மாறி மாறிப் பார்த்தேன். "சத்தமே வரலையே. எப்படிங்க கேட்டுது?"

"பட்டறைக்குள்ள சத்தம் எங்கீங்க கேக்கும்? வாயப் பாத்துதான் பேச்சு. இவளுக்குத் தொட்டில் கட்டினதே தறிக்குப் பக்கத்துல. எங்க ஊட்டுல சத்தம் போட்டா சண்டைன்னு அர்த்தமுங்க."

"எங்க ஊட்லயும் அப்படித்தானுங்க சார்!" என்றது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல். கடைசி பெஞ்சுக் குறும்பன். மொத்த வகுப்பும் ஜன்னல் கம்பிகளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நீங்க கேள்வி கேட்டா அவதானுங்க சார் அங்கிருந்து பதில் சொல்லுவா. நாங்க வாயப் பாத்து அப்படியே எடுத்து உடுவோம்."

பின்னாலிருந்து யாரோ அவன் முதுகில் ஒன்று வைத்தார்கள். "உளறிட்டியேடா!"

நான் மெல்லக் கேட்டேன். "அப்ப நான் போர்டுல எழுதறப்ப, அவ்வளவு அமைதியா இருந்தீங்களே?"

"கிரிக்கெட்டு ஸ்கோருங்க சார்."

சிரிப்பதா, ஆசிரியர் அறையில் நிமிர்ந்து நடந்ததை நினைத்துக் கூசுவதா என்று புரியாமல் நின்றேன். பிறகு மரத்தடியைப் பார்த்து, புத்தகத்தைத் திறப்பது போலக் கையால் காட்டினேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தார். பையிலிருந்து ஆங்கிலப் புத்தகத்தை எடுத்து, அங்கேயே நின்று வாசிக்கத் தொடங்கினாள்.

தறிகள் நின்ற ஊர் அவ்வளவு அமைதியாக இருந்தும், எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் ஜன்னலில் கடைசி பெஞ்சுக்காரன் அவள் வாயைப் பார்த்தபடி உரக்கச் சொல்லத் தொடங்கினான். கையில் புத்தகம் இல்லை. அன்றைக்கு நான் நடத்த இருந்த பாடம், வரி வரியாக, அவளுக்கு ஒரு மூச்சு பின்னால் வந்தது. கடினமான சொற்களில் அவன்தான் தடுக்கினான். அவள் அந்தச் சொல்லையே இன்னொரு முறை உதட்டில் வைத்துக் காத்திருந்தாள், அவன் பிடித்துக்கொள்ளும் வரை.

அம்மா கண்ணை எடுக்காமல் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பாஷைன்னு எனக்கு வெளங்கலீங்க. ஆனா எங்கயும் இழை அறுந்து நிக்கலீங்களே சார்?"

"இல்லைங்க" என்றேன். "எங்கயும் அறுந்து நிக்கல."

கடிதத்தை வாங்கி, அதன் பின்பக்கத்தில் எழுதினேன்: மகள் நன்றாக வாசிக்கிறாள், தப்பு என்னுடையது, அவளைப் பள்ளியிலேயே விடுங்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார். "இதப் படிக்க எனக்கு இன்னும் ரெண்டு நாளாகுமுங்க. வாயிலயே சொல்லிருங்க."

சொல்ல வாய் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. பின்சுவருக்கு அப்பால் ஒரு தறி, இன்னொரு தறி, பிறகு எல்லாத் தறிகளும் ஓடத் தொடங்கின. பழக்கத்தில் கத்தப் போனேன். வேண்டாம் என்று அவர் கையமர்த்தி, என் முகத்துக்கு நேரே நின்றுகொண்டார். மெதுவாகச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முழுவதையும் அவர் பார்த்து முடித்தார்.

அவர் உதடுகள் அசைந்தன. ஆகட்டுமுங்க, நான் பேசிக்கிறேன் அவுங்கப்பாகிட்ட. அதை நானும் படித்துவிட்டேன்.

தறி காத்திருக்கிறது என்று அவர் வேகமாகக் கேட்டைத் தாண்டினார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் சாக்பீஸை எடுத்துத் தேதி எழுதத் திரும்பினேன். வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. முதுகுக்குப் பின்னால் அவளிடம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. தேதியை எவ்வளவு மெதுவாக எழுத முடியுமோ அவ்வளவு மெதுவாக எழுதினேன்.